வடையைத் தின்னது யாரு?

வா கண்ணு, இப்படி உக்காரு. சோபாவுல வேணாம், கீழ உக்காரு. முட்டி மடங்கலியா? எனக்கு எழுபத்தெட்டு வயசு, மடங்குது. உனக்கு முப்பத்திரெண்டு, மடங்கல. சரி, சோபாவுலயே உக்காரு, நான் ஒண்ணும் சொல்லல. இந்தா, ஒரு சேர் கடலை. பச்சைக் கடலைய உப்புப் போட்டு வேக வெச்சிருக்கா உன் பொண்டாட்டி. தொலியப் போட அந்த அட்டைப் பெட்டிய இப்படித் தள்ளு. உங்க வீட்டுல அரிசிப்பானை இருக்குதோ இல்லியோ, அட்டைப் பெட்டிக்கு மட்டும் பஞ்சமே கெடையாது.

கடலைய உரிக்கறதுக்கு முன்னாடி நமக்குள்ள ஒரு பஞ்சாயத்து பாக்கி இருக்குது. நேத்து ஞாயித்துக்கிழமை காலைல உன் தட்டுல எத்தனை வடை இருந்துச்சு? யோசி, யோசி. ரெண்டா? அந்தப் புள்ள வெச்சது மூணு. நீ தின்னது ரெண்டு. மூணாவது வடையைத் தின்னது யாரு? நான்தான். உன் கண்ணு முன்னாடியே எடுத்தேன். பிச்சு, உன் சட்னியிலயே தொட்டு, உன் எதுக்கவே உக்காந்து தின்னேன். நடுவுல நீ ஒருக்கா நிமிந்து என்னைப் பாத்து சிரிச்சே. மறுபடி போனுக்குள்ள போயிட்டே. ராயக்கோட்டைச் சந்தையில எத்தனையோ ஜேப்படிக்காரனைப் பாத்திருக்கேன். பறி குடுத்தவன் சிரிச்சு வழியனுப்பற மாதிரித் தொழில் பண்ண எவனுக்கும் குடுத்து வெக்கல.

கோவிச்சுக்காதே. நீ கெட்டிக்காரன்தான். பத்தாயிரம் வரியில ஒரு புள்ளி மாறி இருந்தாலும் கண்டுபுடிச்சிருவியாம், அதுக்குத்தான் சம்பளமாம், உங்கப்பன் ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியறான். புள்ளி மாறினா தெரியுது, வடை மாறினா தெரியல. அந்த வடையில தேங்காப் பல்லு கிள்ளிப் போட்டிருந்தா, மிளகு நுணுக்கிப் போட்டிருந்தா. உனக்குத் தெரியுமா? உனக்கு எங்க தெரியும், தின்னவன் நானாச்சே.

இன்னிக்கி காலைல எங்க போனேன்னு கேக்கலியே நீ. மெட்ரோ ஏறி நேஷனல் காலேஜ் ஸ்டேஷன்ல எறங்கி நடந்தேன். கன்னடக் கார்த்திகையில கடைசித் திங்கக்கிழமை இல்லியா, பசவனகுடியில கடலேகாய் பரிஷெ, கடலைத் திருவிழா. இந்தக் கடலை அங்க வாங்கினதுதான். பொடிப்பயலா இருந்தப்ப எங்கப்பாவோட லாரி மேல, மூட்டையோட மூட்டையா வந்திருக்கேன். இப்பவும் நம்ம பக்கத்து ஆளுங்க கொண்டாந்து ரோட்டு ரெண்டு பக்கமும் குமிச்சு வெச்சிருக்காங்க. அந்த எடம் அந்தக் காலத்துல சுங்கேனஹள்ளின்னு ஒரு கிராமமாம். கடலைக் காட்டுக்குள்ள ராத்திரியில ஒரு எருது பூந்து மேஞ்சுட்டுப் போயிருமாம். ஒரு நாளு காவல் இருந்து தொரத்தினாங்களாம், அது கல்லாச் சமைஞ்சு உக்காந்திருச்சாம். கதை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லுவாங்க. கல்லு மட்டும் நெஜம். பதினஞ்சு அடி ஒசரத்துக்கு ஒரே கல்லுல பசவண்ணன். அவரு மேயறதுக்கு முன்னாடி நாமளே குடுத்துருவோம்னு வருஷா வருஷம் மொத வெள்ளாமையக் கொண்டுபோய் அவரு முன்னாடி வெக்கறாங்க.

அந்தப் பசவண்ணனைப் பாத்துக்கிட்டே நின்னேன். உன் ஞாபகம்தான் வந்துச்சு. மாடு திருடித் திங்கறப்ப அவசரமாத்தான் திங்கும். மெல்லாது, அப்படியே உள்ள தள்ளும். ஆனா அதுக்கு வயித்துல நாலு அறை இருக்குது. ஒரு அறைய ரொப்பிக்கிட்டு வந்து, மரத்தடியில படுத்து, தின்னதை மறுபடி வாய்க்குக் கொண்டாந்து, கண்ணைப் பாதி மூடிக்கிட்டு ஒரு நாளைக்கு ஆறு ஏழு மணி நேரம் அசை போடும். உனக்கு ஆண்டவன் குடுத்தது ஒத்த அறை. ஜே.பி. நகர்ல மூணு ரூம் வீடு வாங்கிட்டே சரி, வயித்துல கூடுதலா ஒரு ரூம் எந்த பில்டரும் கட்டித் தர மாட்டான். மாடு மாதிரி மேயறே, அசை போட எங்க போவே?

அடிக்குது பாரு போனு. எடு, எடு. கையெல்லாம் உப்புத் தண்ணியா இருக்குதா? அப்பச் சரி, அடிச்சு ஓயட்டும்.

பெங்களூரே அவசரமான ஊருதான் தாத்தான்னு நீ சொல்லுவே. எனக்கே இந்த ஊரை அறிமுகம் பண்ணி வெக்கறியா? எனக்கும் இந்த ஊருக்கும் அறுபத்தஞ்சு வருஷப் பழக்கம். லால்பாக் பக்கத்துல எம்.டி.ஆர். இருக்குது பாரு, உடுப்பிப் பக்கமிருந்து வந்த மையா அண்ணன் தம்பிங்க 1924ல ஆரம்பிச்சது. மண்டியில கடலைய எறக்கிட்டு கையில காசு இருந்தா எங்கப்பா அங்க கூட்டிட்டுப் போவார். உள்ள நொழைஞ்சதும் எலை கெடைச்சிராது. காத்திருக்கணும். முன்னாடி போனவங்க எந்திரிச்சு, எடம் தொடைச்சு, உன்னைக் கூப்புட்டாத்தான் உண்டு. மணி பன்னெண்டுக்கு வந்த பசி ஒரு மணிக்கு எப்படி ஆயிருக்கும்னு நெனைச்சுப் பாரு. அதுக்கப்பறம் சாப்பாடும் ஒரேயடியா வந்து விழாது. ஒண்ணு தின்னு முடிச்சாத்தான் அடுத்தது. தோசை வரும், பூரி வரும், பிசிபேளே பாத் வரும், சாதம், தயிர்சாதம்னு வந்து கடைசியில பழமும் ஐஸ்கிரீமும் வரும். வெள்ளி டம்ளர்ல காபி குடுப்பாங்க. மெதுவாச் சாப்புடுன்னு யாரும் உபதேசம் பண்ணல. பரிமாறற ஆள் அடுத்த தடவ வரும் வரைக்கும் தட்டுல இருக்கறதைத்தானே திங்க முடியும்.

ரவா இட்லி அங்கதான் பொறந்துச்சுன்னு சொல்லிக்குவாங்க. ரெண்டாவது உலகப் போர் நேரம், பர்மாவை ஜப்பான்காரன் புடிச்சுட்டான், அரிசிக்குத் தட்டுப்பாடு. இட்லிக்கு அரிசி இல்லாம ரவையில ஊத்திப் பாத்தாங்களாம். 1975ல எமர்ஜென்சி வந்தப்ப ஓட்டல் சாப்பாட்டுக்கு அரசாங்கமே வெலை வெச்சிடுச்சு. அந்த வெலைக்கு ஏத்த மாதிரி நெய்யக் கொறைக்க மனசு வராம கடையவே கொஞ்ச காலம் மூடி வெச்சாங்க. வேலை செஞ்ச ஆளுங்களுக்கு வேலை வேணுமேன்னு மாவு கலந்து பாக்கெட் போட்டாங்க. அந்த பாக்கெட் வியாபாரம் பெருசாகி, 2007ல ஒரு நார்வே கம்பெனி வாங்கிடுச்சு. அஞ்சு நிமிஷத்துல உப்புமா கிண்டற உங்க வீட்டு அவசரம் எந்த வீட்டுல பொறந்துச்சு பாத்தியா? ஊரையே ஒரு மணி நேரம் உக்கார வெச்ச வீட்டுல.

காந்தி பஜார் வித்யார்த்தி பவனுக்கு நீயும் உன் சிநேகிதனுங்களும் போன மாசம் போனீங்களே, நானும் வந்தேனே. அது 1943ல வெச்ச கடை. வெள்ளி கெழமை போனா பூட்டைத்தான் பாக்கலாம். சப்ளையர் ஒத்தைக் கையில தோசைத் தட்டை அடுக்கு அடுக்கா தோள் வரைக்கும் ஏத்திக்கிட்டு வந்தான், சர்க்கஸ் பாக்கற மாதிரி இருந்துச்சு. முக்கால் மணி நேரம் வாசல்ல நின்னோம். தோசை வந்துச்சு. நீங்க என்ன பண்ணீங்க? ஆளாளுக்குப் போட்டோ புடிச்சீங்க. மேல இருந்து ஒண்ணு, பக்கத்துல இருந்து ஒண்ணு, கை தெரியற மாதிரி ஒண்ணு. மொறுமொறுப்பு போயி தோசை தொவண்டு போச்சு. அப்பறம் நாலு வாயி, முடிஞ்சு போச்சு. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலேம்பாங்க நம்ம பக்கம். உங்க கூட்டத்துக்கு ஆக்கவும் பொறுக்குது, ஆறவும் பொறுக்குது. திங்கறதுக்கு மட்டும்தான் பொறுக்கல.

நின்னுக்கிட்டுத் திங்கற பழக்கந்தான் ஊரைக் கெடுத்துச்சுன்னு சில பெரியவங்க சொல்லுவாங்க. நான் அந்தக் கட்சி இல்ல. 1983ல ஜெயநகர்ல பிரபாகர்ங்கறவர் தர்சினி ஆரம்பிச்சார். நாற்காலி கெடையாது, டோக்கன் வாங்கு, நின்னு தின்னு, தட்டைப் போட்டுட்டுப் போ. வெலை கம்மி, எடம் சுத்தம், எல்லாரும் நின்னுதான் திங்கணும், அதுல சேட்டும் ஒண்ணு, கூலிக்காரனும் ஒண்ணு. எனக்குப் புடிச்ச ஏற்பாடு. அந்தக் கம்பத்து மேசையில சாயங்காலம் ரெண்டு ரிட்டயர்டு ஆளுங்க வந்து 'பை டூ' காபி கேப்பாங்க, பாத்திருக்கியா? ஒரு காபிய ரெண்டு டம்ளர்ல பாதிப் பாதி. ஆளுக்கு நாலு முழுங்குதான் தேறும். அந்த நாலு முழுங்கை வெச்சுக்கிட்டு மகனைத் திட்டி, மருமகளைத் திட்டி, கார்ப்பரேஷனைத் திட்டி, முக்கால் மணி நேரம் ஓட்டுவாங்க. நின்னுக்கிட்டேதான். நீ குஷன் வெச்ச நாற்காலியில உக்காந்து நாலு நிமிஷத்துல தட்டைக் காலி பண்றே. அப்பக் குத்தம் நாற்காலி மேலயா கண்ணு?

இன்னொண்ணும் சொல்லணும், சிரிக்கறதுக்கு இல்ல. இந்த ஊர்ல மெதுவாத் திங்க முடியாதவங்க இருக்காங்க. 2014ல ஸ்விக்கி இங்கதான் ஆரம்பிச்சுதுன்னு பெருமையாச் சொன்னியே, உனக்குச் சோறு கொண்டாற பையன் எங்க திங்கறான்னு பாத்திருக்கியா? நான் பாத்தேன். மேம்பாலத்துக்குக் கீழ, வண்டி மேலயே உக்காந்து, ஒரு கண்ணு பொட்டலத்துல, ஒரு கண்ணு போன்ல. அவன் போனைப் பாக்கறதுக்கு ஒரு காரணம் இருக்குது. பாக்காம விட்டா அடுத்த கிராக்கி போயிரும். கடலை பறிக்கற காலத்துல நாங்களும் அப்படித்தான். வரப்புல உக்காந்து கூழைக் குடிச்சு முடிக்கறதுக்குள்ள மேஸ்திரி கூப்புட்டுருவான். மெதுவாத் திங்கறதுக்கு மொதல்ல நேரம் உன்னுதா இருக்கணும். உனக்கு அது இருக்குது. நேத்து ஞாயித்துக்கிழமை உன்னை எந்த மேஸ்திரி கூப்புட்டான்? போன்ல எவனோ ஒருத்தன் நாய்க்குத் தொப்பி போட்டு விட்டதைப் பாத்துக்கிட்டு இருந்தே. நானும் எட்டிப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. வடை அதை விட நல்லா இருந்துச்சு.

சக்கரைக்குப் பாக்கற டாக்டரம்மா எனக்கு ஒரு விஷயம் வெளக்கினாங்க. வயிறு ரொம்பிருச்சுங்கற சேதி கொஞ்சம் நரம்பு வழியாவும், கொஞ்சம் குடல்ல சுரந்து ரத்தத்துல கலந்தும் மூளைக்குப் போகுதாம். போய்ச் சேர இருபது நிமிஷம் பக்கம் ஆகுமாம். எனக்கு ஒடனே புரிஞ்சு போச்சு. வயித்துக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு சில்க் போர்டு சிக்னல் இருக்குது. சேதி அங்க வந்து மாட்டிக்கிட்டு நிக்குது. நீ நாலு நிமிஷத்துல ஆறு சப்பாத்தி உள்ள தள்ளிட்டு, இன்னும் ரெண்டு போடும்மாங்கறே. இருபதாவது நிமிஷம் சேதி வந்து சேருது: 'ஐயா, மூணோட நிறுத்தச் சொன்னாங்க.' அதுக்குள்ள ஆளு பேண்ட்டு பட்டனைக் கழட்டி விட்டுட்டு சாஞ்சு கெடக்கறான். ஜப்பான்ல இதை நெறைய ஆராஞ்சு, வேகமாத் திங்கறவங்களுக்கு ஒடம்பு எடை கூடறதைத் திரும்பத் திரும்பப் பாத்திருக்காங்களாம். அதுக்காக மெதுவாத் தின்னா சக்கரை நோயி ஓடிப் போயிருமான்னும் கேட்டேன். டாக்டரம்மா சிரிச்சுக்கிட்டே மாத்திரைய எழுதிக் குடுத்தாங்க.

ஆனா ஒரு வேலை பண்ணிப் பாரு, காசு செலவில்ல. வெறும் சோறு ஒரு வாயி எடு. கொழம்பு வேணாம், ஊறுகா வேணாம். மென்னுக்கிட்டே இரு. முப்பது தடவ, நாப்பது தடவ. முழுங்கிராதே. கொஞ்ச நேரத்துல தித்திக்கும். சக்கரை போட்டது யாருன்னு தேடாதே, உன் எச்சிதான். எச்சியில அமைலேஸ்னு ஒரு நொதி இருக்குதாம், அது மாவுச்சத்தைச் சக்கரையா ஒடைக்குதாம். டாக்டரம்மா சொல்லித்தான் பேரு தெரியும், தித்திப்பு சின்ன வயசுலயே தெரியும். கொழம்பு இல்லாத வீட்டுல பொறந்தவனுக்கு அது தெரியாம இருக்குமா? வாய்க்குள்ளயே ஒரு பாயசக் கடை இருக்குது. நீ வாசல்லயே பூட்டிட்டு, பத்து நிமிஷத்துல கொண்டான்னு வெளியில பாயசம் ஆர்டர் பண்றே.

என் கட்சிக்கு எதிரா ஒரு சாட்சி இருக்குது. நீயாக் கண்டுபுடிக்கறதுக்குள்ள நானே சொல்லிடறேன். களி. இங்க முத்தேங்கறாங்க. களிய மெல்லக் கூடாது. கிள்ளி, உருட்டி, பஸ்ஸாருல தோய்ச்சு, அப்படியே முழுங்கணும். மென்னா பல்லுல ஒட்டிக்கும், ருசியும் போயிரும், பக்கத்துல இருக்கறவன் சிரிப்பான். என்ன தாத்தா, அறுபது வருஷம் களி தின்னவன் எனக்கு மெல்லச் சொல்லித் தர்றியான்னு கேளு. நியாயமான கேள்விதான். ஆனா களிய முழுங்கறப்ப போனைப் பாத்துப் பாரு. உருண்டை கொஞ்சம் பெருசாப் போச்சுன்னா தொண்டையில நின்னு, ஆறு தலைமுறையும் கண்ணு முன்னாடி வந்துட்டுப் போகும். வெரல் சூட்டைப் பாக்கணும், எந்தப் பக்கம் வழவழன்னு இருக்குதுன்னு பாக்கணும், சாறு போதுமான்னு பாக்கணும், முழுங்கறப்ப கண்ணை மூடிக்கணும். பல்லுக்கு வேலை இல்லாததுனால புத்திக்கு வேலை ஜாஸ்தி. ஆகவே சாட்சி நம்ம பக்கம் வந்துட்டார்.

மறுபடி அடிக்குதா? மூணாந்தரம். பாவம், யாரோ ஒருத்தன் உன்னை விட அவசரத்துல இருக்கறான். அந்தக் கடலைய விடாதே, ஒத்தைப் பருப்புக் கடலைதான் தித்திப்பு.

உன் பொண்டாட்டி ஒரு வகுப்புக்குப் போனாளாமே, கவனமாச் சாப்புடறதுக்கு. ஆளுக்கு ஒரு காஞ்ச திராட்சை குடுத்து, அதைப் பாரு, மோந்து பாரு, காதுகிட்ட வெச்சுக் கேளு, நாக்குல வெச்சுக்கிட்டே இரு, மெல்லாதேன்னு சொல்லி பத்து நிமிஷம் ஓட்டினாங்களாம். ஒரு திராட்சைக்கு வாங்கின காசுக்கு நம்ம தோட்டத்துல ஒரு பந்தலே போட்டுருக்கலாம். கிண்டல் பண்ணலடா. அது அமெரிக்காவுல ஜான் கபாட் ஜின்னுனு ஒருத்தர் நோயாளிங்களுக்காக 1979ல ஆரம்பிச்ச முறையில வர்ற பாடமாம், நல்ல பாடந்தான். ஆனா இந்த ஊருக்குன்னே ஒரு திராட்சை இருக்குது, பெங்களூர் ப்ளூ. கெட்டித் தோலு, உள்ள ரெண்டு மூணு கொட்டை. வாயில போட்டுப் பிதுக்கி, சாறை உறிஞ்சி, கொட்டையத் துப்பி, தோலை என்ன பண்றதுன்னு யோசிச்சு முடிக்கறதுக்குள்ள பத்து நிமிஷம் தானா ஓடிரும். காசு குடுக்காத வகுப்பு அது. நீங்க கொட்டையில்லாத திராட்சை கேட்டு வாங்கித் தின்னுட்டு, அப்பறம் காசு குடுத்துக் கத்துக்கறீங்க.

அவ இன்னொரு கதையும் சொன்னா. ஹோரஸ் ஃப்ளெட்ச்சர்னு ஒரு அமெரிக்காக்காரர், நூறு வருஷத்துக்கு முன்னாடி. எதைத் தின்னாலும் தண்ணியா ஆகற வரைக்கும் மெல்லணும்னு பிரசாரம் பண்ணி, பெரிய பெரிய ஆளுங்களை எல்லாம் மெல்ல வெச்சாராம். ஒரு துண்டு வெங்காயத்தை 722 தடவ மென்னதா அவரே எழுதி வெச்சிருக்காராம். வெங்காயம்! அதையும் மென்னார், அதை எண்ணவும் எண்ணினார் பாரு, அவரு வீட்டுல விருந்துக்குப் போனவன் கதி என்ன ஆகியிருக்கும்? நொறுங்கத் தின்னா நூறு வயசுன்னு நம்ம பக்கம் சொல்லுவாங்க. அவ்வளவு பெரிய நொறுக்கல் மன்னன், எத்தனை வயசு வரைக்கும் இருந்தார்னு கேட்டேன். 1849ல பொறந்து 1919ல போயிட்டாராம். அறுபத்தொம்போது. நான் அவரை விட ஒம்போது வருஷம் கூட இருந்துட்டேன், வெங்காயத்தை எண்ணாமலே. அதனால ஆயுசுக்காக மெல்லாதே கண்ணு. அது மேல இருக்கறவன் கணக்கு. நாக்கு எத்தனை வெரக்கடை இருக்கும்? ருசி தெரியற எடம் அவ்வளவுதான். தொண்டையத் தாண்டிட்டா மைசூர்பாகும் ஒண்ணுதான், வேப்பெண்ணையும் ஒண்ணுதான். அந்த வழியில நீ எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி நிக்காமப் போறே.

இத்தாலியில ஒரு கூட்டம் இதுக்காகப் போராட்டமே பண்ணியிருக்குது. 1986ல ரோம்ல பழைய படிக்கட்டு ஒண்ணு பக்கத்துல மெக்டொனால்டு கடை வருதுன்னதும், கார்லோ பெத்ரீனின்னு ஒருத்தர் தலைமையில தட்டுல பாஸ்தாவை ஏந்திக்கிட்டு வந்து நின்னாங்களாம். அதுல இருந்து மெதுவான சாப்பாட்டுக்குன்னு ஒரு இயக்கம் வளந்து, 1989ல பாரீஸ்ல கூடி அறிக்கை போட்டு, நத்தைய சின்னமா வெச்சுக்கிட்டாங்க. கடைய நிறுத்த முடிஞ்சுதான்னு கேட்டேன். முடியலியாம். வயிறு ரொம்பச் சோத்தோட போராட்டத்துக்கு வந்த கூட்டத்தை நான் இப்பத்தான் கேள்விப்படறேன். நம்ம பக்கம் உண்ணாவிரதம்தான் இருப்பாங்க.

அவ்வளவு தூரம் எதுக்கு, அல்சூர் ஏரிக்கிட்ட வள்ளுவர் சிலை இருக்குதே. மருந்துன்னு ஒரு அதிகாரம் எழுதி, அதுல பத்துக்கு ஆறு குறள் சோத்தைப் பத்தியே எழுதினவர். மருந்து எழுதச் சொன்னா மெனு எழுதியிருக்காரேன்னு எங்க வாத்தியார் சொல்லுவார். முன்னாடி தின்னது செரிச்சுதா, பசி நெஜமா வந்துதா, அதைப் பாத்துட்டு அளவாத் தின்னுன்னு திருப்பித் திருப்பிச் சொல்றார். அந்தச் சிலைய வெச்சாங்க, தொறக்க முடியல, ரெண்டு ஊருக்கும் மனத்தாங்கல். பதினெட்டு வருஷம் துணியச் சுத்திக்கிட்டு நின்னார். 2009 ஆகஸ்ட்ல கருணாநிதி வந்து தொறந்து வெச்சார், எடியூரப்பா பக்கத்துல இருந்தார். நாலு நாள் கழிச்சு சென்னையில கன்னடத்து சர்வக்ஞர் சிலையைத் தொறந்தாங்க. பதினெட்டு வருஷம்! அந்த மனுஷன் முன்னாடி போய் நின்னுக்கிட்டு, 'என் ஆர்டர் ஏழு நிமிஷம் லேட்'னு சொல்லுவியா நீ?

சரி, எனக்கு இந்த நிதானம் எப்படி வந்துச்சுன்னு கேளு. ஞானத்துல வந்துச்சுன்னு நெனைக்காதே. சோம்பேறித்தனத்துல வந்துச்சு. நாங்க அண்ணன் தம்பி அஞ்சு பேரு. சாப்புட்டு முடிச்சவனைத்தான் எங்கப்பா கவலை இறைக்க அனுப்புவார். சாப்புடறவனை எழுப்பக் கூடாதுன்னு எங்கம்மா சட்டம். நான் கண்டுபுடிச்சுட்டேன். ஒரு வாயி சோத்தைக் கன்னத்துல ஒதுக்கிக்கிட்டு அரை மணி நேரம் உக்காந்திருப்பேன். அஞ்சு வருஷத்துல ஊர்லயே பெரிய ரசனைக்காரன்னு பேரு வந்துருச்சு. கல்யாணப் பந்தியிலயும் அதே தந்திரம். அவசரக்காரன் பாயசம் ஒருக்கா வாங்கிட்டு எலைய மடிச்சிருவான். நம்ம எலை விரிஞ்சே கெடக்கறதால ரெண்டாவது வாளியும் நம்மகிட்ட வந்துதான் போகும். ஆனா இந்த ஊரு சௌல்ட்ரியில இந்த வித்தை பலிக்கல. எனக்குப் பின்னாடி ஒருத்தன் நாற்காலியப் புடிச்சுக்கிட்டு, நான் மெல்லறதை வாய் விட்டு எண்ணிக்கிட்டே நிக்கறான். ரசம் ஊத்தினா அது வேற எலையத் தாண்டி வேட்டிக்கு ஓடுது. நிதானத்துக்கும் ஒரு எல்லை இருக்குது, அது ரசத்துல முடியுது.

உங்க ஆயா விஷயம் ஒண்ணு இருக்குது. நான் அரை மணி நேரம் ரசிச்சு ரசிச்சுச் சாப்புடுவேனே, அவ்வளவு நேரமும் அவ கரண்டியோட நிப்பா. நான் எந்திரிச்சாத்தான் அவ உக்காருவா. உக்காருவாளா? அடுப்படியில குத்துக்கால் வெச்சு, சட்டியில ஒட்டினதை வழிச்சுப் போட்டுக்கிட்டு, அஞ்சு நிமிஷத்துல கை கழுவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருவா. நாப்பத்தேழு வருஷம். ஊர்ல எல்லாரும் என்னை ரசனைக்காரன்னு சொன்னாங்க, அவ மட்டும் சொல்லல. ஏன்னு நானும் கேட்டுக்கல. அவ போனதுக்கப்பறம், நானே பொங்கி, நானே போட்டுக்கிட்டு உக்காந்தேன் பாரு, அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஒத்தையாளு எவ்வளவு மெதுவாத் தின்னாலும் ஏழு நிமிஷத்துக்கு மேல ஓட்ட முடியல.

அந்தப் புள்ளையக் கூப்புடு. உள்ள என்ன பண்றா? பாத்திரம் எங்கயும் ஓடிப் போகாது. வாம்மா, வந்து உக்காரு. நீ கீழ உக்காருவியா? பாத்தியாடா, அவளுக்கு முட்டி மடங்குது. நீயும் எறங்கிட்டியா? அப்படி வா வழிக்கு.

இந்தக் கடலைய எதுக்கு வாங்கியாந்தேன்னு இப்பச் சொல்றேன். இது ஒத்தைக் கையில ஆகற காரியம் இல்ல. புடிக்க ஒரு கை, பிதுக்க ஒரு கை. வேக வெச்ச கடலை வேற, உள்ள இருக்கற உப்புத் தண்ணி சர்ருனு வரும், அதை மொதல்ல உறிஞ்சணும், அப்பறம் தொலியப் பிரிக்கணும், மூணு பருப்பா ரெண்டு பருப்பான்னு பாக்கணும். ஒண்ணு அழுகலா இருந்தா நாக்கு ஒடனே கண்டுபுடிச்சிரும், கண்ணு வேற பக்கம் போக முடியாது. ஈரக் கையில போனைத் தொட்டா அதுவும் கேக்காது. முக்கால் மணி நேரமா நீ போனைத் தொடல, தெரியுமா? அஞ்சு தரம் அடிச்சுது, நான் எண்ணினேன். ஃப்ளெட்ச்சர் வெங்காயத்தை எண்ணின மாதிரி.

அம்மா, அந்த வெல்லக்கட்டியக் கொண்டா. பரிஷெயில வாங்கினதுதான். கடலையோட ஒரு கடி வெல்லம் கடிச்சுக்கணும். ஆளுக்கு ரெண்டு துண்டு வை. இந்தா, உனக்கு ரெண்டு. உனக்கு ரெண்டு, தாயி. எனக்குச் சக்கரை, எனக்கு ஒண்ணே போதும். அட, அங்க பாரு, பால்கனியில புறா வந்து...

ஐயோ! கையிலயா அடிக்கறது? பாத்துட்டியா? சரிடா, சரிடா, வெச்சுட்டேன். ரெண்டு துண்டும் அங்கயே இருக்குது, எண்ணிக்கோ.